ஆளுக்குப் புழுங்கும்

மூடிக் கிடக்கிற எதைக் கண்டாலும் மச்சான் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சோற்றுப் பானையா, துணிப் பெட்டியா, பஸ் ஜன்னலா, சுற்றிக் கிடத்தின பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையா, எல்லாம் அவருக்கு ஒன்றுதான். கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஒரு விரல் அளவுக்குத் திறந்துவிட்டு, "புழுங்கும்" என்று சொல்லிக்கொண்டு போய்விடுவார். யாருக்குச் சொன்னார் என்று ஒருவருக்கும் தெரியாது. சோதனைச் சாவடியில்கூட, ஆமிக்காரன் கேட்பதற்கு முன்னமே பையைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்பாராம்.

நான் அதற்கு நேர் எதிர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அந்த நாளில் ரோட்டில் எந்த நேரம் என்ன நடக்கும் என்று சொல்ல ஏலாது. உம்மா போக வேண்டாம் என்றா. நானும் சரி என்று நின்றுகொண்டேன். உண்மையைச் சொன்னால் சந்தோஷப்பட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்தாய் என்று கேட்டால், பூட்டினேன். முன்கதவு, குசினிக் கதவு, கிணற்றடிப் படலை. பூட்டிவிட்டுப் போய் உட்காருவேன். பூட்டினேனா என்று எழும்பி வருவேன். கொண்டி விழுந்திருக்கும். விழுந்த கொண்டியைத் தூக்கி இன்னொரு முறை போட்டால்தான் மனம் அமரும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு.

"ஒண்டு திறக்கிது, ஒண்டு பூட்டுது. நடுவுல நான் கதவு மாதிரி இரிக்கன்" என்று என் மூத்தவ, ராத்தா, சிரிப்பா.

ராத்தாவைக் கட்டி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் மச்சான். எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்கு, வளவு பெண்ணுக்கு. அவருடைய உம்மாவின் வீடு அவருடைய சகோதரிகளுக்குப் போய்விட்டது. எங்கள் வாப்பா மௌத்தாகி இல்லாமல் போனதால் வீட்டில் உம்மாவின் சொல்தான் சட்டம். ஆனால் உம்மா மருமகனோடு நேரே கதைக்க மாட்டா. முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லுவா: "புள்ள, சீனி முடிஞ்சி." சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுகிற சத்தம் கேட்கும். அவருடைய பதிலும் சுவர் வழியாகத்தான் வரும்: "மாமிட்ட கேளுங்க, சீனி மட்டுமா, தேயிலையும் வேணுமா?" இப்படியே இரண்டு வருஷம் ஒருவரை ஒருவர் முகம் பார்க்காமல் ஒரே கூரைக்குள் நல்ல மரியாதையாக இருந்தார்கள்.

அவருக்குக் கல்முனை பசாரில் வேலை. படங்களுக்குச் சட்டம் போடுகிற, சோக்கேசுக்குக் கண்ணாடி வெட்டுகிற சின்னக் கடை. விரல்களில் எப்போதும் மெல்லிய கீறல்கள் இருக்கும்.

அந்த வருஷம் அம்பாறை ரோட்டின் இரண்டு பக்கமும் இருந்த மரங்களை வெட்டி வெளியாக்கினார்கள். மறைவு இருக்கக் கூடாதாம். வெட்டின மரமெல்லாம் விறகாகி டிரக்டரில் ஊருக்குள் வந்தது. உம்மாவும் ஒரு டிரக்டர் விறகு வாங்கி வளவில் பறித்தா. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன், மச்சான் வளவில் நின்று கொத்திக்கொண்டிருந்தார். கோடாலி ஒரு பொந்துக் கட்டையில் இறங்கியது. கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஒரு பாதியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை அகலம். சாம்பலும் கறுப்பும் கலந்த மயிர். முன்கால்களைத் தூக்கினபோது கீழே மஞ்சள்.

"புள்ளோ, புலிமுகச் சிலந்தி!" என்று உம்மா கத்தினா.

நான் அப்போது குசினிக்குள். கதவைப் பூட்டியாயிற்று. ஜன்னல் நீக்கலால்தான் பார்த்தேன். மச்சான் கோடாலியை மெதுவாக நிலத்தில் வைத்தார். குந்தினார். பிளந்த பாதியையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆள்ட வீட்ட நான்தான் பிளந்த" என்றார்.

"பிளந்தா என்ன? அடிங்க!" ராத்தா தள்ளி நின்று கத்தினா.

வளவில் சுவர் இல்லாததால் உம்மா கிணற்றைப் பார்த்துச் சொன்னா: "சிலந்திய அடிக்கப்படா. ஓதப்பள்ளியில சொல்லித் தந்த. அதுக்கெண்டு வீட்டுக்குள்ள கொண்டு வரச் சொல்லித் தரல்ல."

அவர் ஒரு பழைய மண்முட்டியை எடுத்து அதன் மேல் கவிழ்த்தார். கவிழ்த்த கையோடு ஓரத்தில் ஒரு குச்சியைச் செருகி நீக்கல் விட்டார். வேறு யார் செய்வார்கள்? நான் ஜன்னலாலேயே கேட்டேன்.

"அத எங்கயாவது ஒரு மரத்துல விட ஏலாதா மச்சான்?" கொழுந்தி என்பதால் என்னை அவர் மச்சி என்பார்.

"எந்த மரத்துல மச்சி? நம்மட வளவுல தென்னையும் முருங்கையும். ஆள் இரிக்கப் பொந்து வேணும். பொந்துள்ள மரத்தத்தானே வெட்டிட்டாங்க. மிச்சம் உள்ள காட்டுக்குப் போற ரோட்டால இப்ப ஆர் போற? நல்ல பொந்தொண்டு காணும் வரைக்கும் இரிக்கட்டும்."

நல்ல பொந்தொன்று காண ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "ஆள்" என்பார். ஆள் திண்டிச்சா, ஆள் எங்க, ஆளுக்குத் தண்ணி வெச்சயா. ராத்தாவும் அதையே பழகிக்கொண்டா. "ஓம், ஆள் எண்டே சொல்லுங்க. அதுட மத்தப் பேரக் கொண்டு போய்ச் சாவடியில சொல்லி, நீங்க உள்ளுக்குப் போயிடாதீங்க" என்று ஒருநாள் சொன்னா. சிரித்தோம். பிறகு எனக்கு அதுவும் ஒரு யோசனையாகிப் போயிற்று.

முதலில் வைத்தது பிஸ்கட் டின்னில். அகலமான டின். அடியில் மணல், மூடியில் ஆணி ஓட்டைகள். அவர் கையால் ஏதும் கூடு செய்து அது சரிவராமல் போனது அது ஒன்றுதான். மூடியைத் திறக்கிற நேரமெல்லாம் அது மூடியிலேயே தொங்கும். இரண்டாம் நாள் தண்ணீர் வைக்கத் திறந்தபோது மூடியிலிருந்து அவர் கைக்கு, கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து சுவருக்கு. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. அன்றைக்குப் பகல் முழுவதும் நாங்கள் மூன்று பெண்களும் வளவில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். உம்மா தென்னையைப் பார்த்து, "புள்ள, வீடு ஆருட பேர்ல எழுதின எண்டு அந்த ஆளுக்கு ஒருக்காச் சொல்லு" என்றா. எந்த ஆளை என்று நாங்கள் கேட்கவில்லை. கடைசியில் அது கலண்டருக்குப் பின்னால், முகட்டுக்குக் கிட்ட இருந்தது. மச்சான் ஏணி வைத்து ஏறி ஒரு மிட்டாய்ப் போத்தலைக் காட்டிப் பிடித்தார்.

அவர் இறங்கி வந்தபோது நான் தூரத்தில் நின்று சொன்னேன்: "அது கீழ இரிக்கவே இல்ல. கட்டையில பார்த்தாலும் மேல, முட்டிக்குள்ளயும் மேல, டின்லயும் மூடியில. எப்பவும் மேல."

பயந்தவளுக்கு அது தெரியும். அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அந்த இரண்டு நாளும் நான் வேறு வேலை பார்க்கவில்லை. என் யோசனையை அதுவரை வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. "சும்மா இரிடி" என்பதுதான் எனக்குக் கிடைக்கிற பதில். மச்சான் போத்தலைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"மச்சி சொன்ன சரி. மரத்துல இரிக்கிற ஆளுக்கு நான் தரையில வீடு கட்டியிரிக்கன். இதுக்கு அகலம் வேணா. உசரம் வேணும். கதவும் மேல வெக்கப்படா. மேல வெச்சா நாம திறக்கிறது ஆள்ட தலைக்கு மேல. கீழ வெக்கணும்."

அந்தக் கூட்டுக்கு அவர் கடையில் வாங்கினது ஒன்றுமில்லை. எல்லாம் கழிவு. சோக்கேசுக்கு வெட்டி மிஞ்சின கண்ணாடித் துண்டுகளை முதலாளியிடம் கேட்டுச் சேர்த்தார். ஒரு முழம் உயரம், ஒரு சாண் அகலம். மீன்தொட்டி ஒட்டுகிற பசைக் குழாய்களில் அடியில் கிடந்ததைப் பிதுக்கிப் பிதுக்கி ஒட்டினார். பசை காய்கிற வரைக்கும் வினாகிரி மாதிரி ஒரு மணம். அந்த மணம் போகும்வரை ஆளை உள்ளே விட மாட்டேன் என்று ஒரு கிழமை காத்திருந்தார். அதுவரை அது மிட்டாய்ப் போத்தலில், வாயில் மெல்லிய துணி கட்டி.

காற்றுக்குப் பால்மா டின்னை வெட்டி விரித்து இரண்டு தகரக் கீற்று எடுத்தார். ஒன்று முன்பக்கம் கீழே, மற்றது பின்பக்கம் மேலே.

"ஒரு பக்கத்தால வந்து மத்தப் பக்கத்தால போனாத்தான் காத்து. ஒரே பக்கம் ஓட்ட போட்டா அது வெறும் ஓட்ட" என்றார்.

ஆணியை உள்பக்கம் வைத்து வெளிப்பக்கமாகக் குத்தினார். எதற்கென்று ராத்தா கேட்டா. கூர் வெளியே நிற்க வேண்டுமாம், உள்ளே நின்றால் ஆள்ட கால் கிழியுமாம். ஒரு கீற்றுக்கு இருபத்துநாலு, இரண்டுக்கும் நாற்பத்தெட்டு. ஒவ்வொரு ஓட்டையையும் நான் சின்ன விரல் நுனி வைத்துப் பார்த்தேன், அது புகுந்து வருமா என்று. அவரும் பக்கத்தில் குந்திப் பார்த்தார், காற்றுப் போகுமா என்று. ஒரே ஓட்டையைத்தான் இரண்டு பேரும் பார்த்தோம்.

பிளந்த கட்டையின் பாதியை உள்ளே சாய்த்து நிறுத்தினார். பின்னால் அது ஒளிக்க இடம். அடியில் தும்புத்தூள். ஒரு போத்தல் மூடியில் தண்ணீர். கீழே கண்ணாடிக் கதவு, அதற்கு வளைத்த கம்பியில் கொண்டி. எறும்பு ஏறாமல் ஸ்டூலின் நாலு காலையும் நாலு சிரட்டைத் தண்ணீரில் வைத்தார். அதை உள்ளே விட்ட அன்று அது நேரே கட்டையில் ஏறி, மேலே போய், பின்னால் மறைந்தது. அதற்குப் பிறகு பகலில் அதை யாரும் பெரிதாகக் காணவில்லை. வெறும் கண்ணாடிப் பெட்டியும் ஒரு மரத்துண்டும்தான். கொண்டியை மட்டும் நான் நாளுக்குப் பத்துத் தரம் பார்த்தேன்.

சாப்பாட்டுக்குக் கரப்பான், புல்லில் பிடிக்கிற தத்துவெட்டி. தெருவில் வீடு வீடாகப் போய், "வீட்டுக்கு மருந்து அடிச்சயா, அடிக்கல்லயா?" என்று விசாரித்துத்தான் கரப்பான் வாங்குவார்.

"சீதனம் கேட்டு வாற மாப்புளையக் கண்டிரிக்கம். கரப்பான் கேட்டு வாற மாப்புளைய இப்பதான்கா காணுறம்" என்று தெருப் பெண்கள் ராத்தாவைப் பகிடி பண்ணுவார்கள். அவர் அதையும் சிரித்துக்கொண்டு வந்து எங்களிடம் சொல்லுவார்.

ஏன் இந்த மனிதருக்கு மூடிக் கிடந்தால் பொறுக்க ஏலாது என்று ஒருமுறை ராத்தாவிடம் கேட்டேன். ராத்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா. "அவங்கட ஊரால வெளிக்கிட்டு வந்த நேரம் ஒரு நெல் ஸ்டோருக்குள்ள மூணு நாள் இரிந்தாங்களாம். கதவப் பூட்டி. அவ்வளவுதான் சொன்ன. நானும் மேல கேக்கல்ல. நீயும் கேக்காத." நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் எழும்பி ஜன்னலைத் திறந்தால், நான் உடனே எழும்பி மூடாமல் கொஞ்சம் பொறுத்து மூடப் பழகினேன்.

பிறகு ஒருநாள் ஆமியின் சுற்றிவளைப்பு.

காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் வீட்டைத் திறந்தபடி விட்டுவிட்டு மைதானத்துக்கு வரவேண்டும். திறந்தபடி! அவர்கள் வீட்டுக்குள் வந்து தேடுவார்கள், பெட்டியைத் தட்டுவார்கள், அது வெளியே வரும், கடிக்கும், பிறகு எங்களை என்ன செய்வார்கள்? வீட்டைப் பூட்ட ஏலாது. பூட்டக்கூடியது அது ஒன்றுதான். எல்லோரும் படலைக்குப் போன பிறகு நான் உள்ளே ஓடினேன். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் பிசைந்து நாற்பத்தெட்டு ஓட்டையையும் அடைத்தேன். வெளியே நின்ற கூர் விரலைக் கிழித்தது. கொண்டியை நூலால் சுற்றிக் கட்டினேன்.

மைதானத்தில் வெயில் ஏறியது. லுஹர் போனது. பின்னேரம் அஸருக்குத்தான் போகச் சொன்னார்கள். அவ்வளவு நேரமும் நான் என் விரலைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டிருந்தேன். விட்டதும் நான்தான் முதலில் ஓடினேன். வீட்டுக்குள் யாரோ வந்து அலுமாரியைக் கொட்டிப் போயிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டியை ஒருவரும் தொடவில்லை. அதன் உள்பக்கம் முழுக்க நீர் முத்து முத்தாக. மேலே இருக்கிற அது கீழே, தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் காலைச் சுருக்கிக் கிடந்தது.

மச்சான் எனக்குப் பின்னால் வந்து நின்றார். நூலை அறுத்துக் கதவைத் திறந்து வைத்தார். திறந்த கதவோடு! நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரு தையல் ஊசி எடுத்து ஓட்டை ஓட்டையாகச் சவர்க்காரத்தைக் கிண்டினார். அவர் ஏசினால் நல்லம் என்று இருந்தது. நாற்பத்தெட்டாவதையும் கிண்டி முடித்து, என் விரலைப் பார்த்தார்.

"ஒண்டையாவது விடல்லயே மச்சி. உங்கட கைவேல சுத்தம்."

நான் அழுதுவிட்டேன். அதற்குள் அது ஒரு காலை நீட்டிற்று. பிறகு இன்னொன்று. ஜன்னல் கம்பியில் மஃரிப் நேரத்து அந்தி வெளிச்சம் இருக்கும்போதே அது கட்டையில் பாதி ஏறியிருந்தது.

அன்றிலிருந்து அதன் மேல் எனக்கு இருந்த பயம் குறைந்தது என்று சொன்னால் பொய். பயம் இருந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. கொண்டியைப் பார்க்கப் போகிறவள் ஓட்டைகளையும் பார்க்கத் தொடங்கினேன். தூசு அடைத்திருந்தால் ஈர்க்கால் தட்டிவிடுவேன்.

ராத்தாவுக்கு ஏழு மாதமானபோது உம்மா சுவரிடம் சொல்லிவிட்டா: "புள்ள, பிள்ள பிறக்க முந்தி அது இந்த வீட்ட விட்டுப் போகணும். நாப்பது நாள் அறைக்குள்ள பச்சைப் பிள்ளையோட இவள் இரிக்கணும். எனக்கு வேற கதை இல்ல."

மச்சானுக்குக் கோபம் வராது. வேகம்தான் வரும். அன்றிலிருந்து சைக்கிளில் ஒரே ஓட்டம். மூத்த சகோதரியின் வீட்டில் ஒரு மூலை கேட்டார். அவள் புருஷன் விடமாட்டான் என்றாள். இளையவள் பிள்ளைகளைக் காட்டினாள். கடை முதலாளி, "கண்ணாடி வாங்க வாறவன் ஓடிருவான்" என்றார். கூட்டாளி ஒருவன் போத்தலில் போட்டுக் கடற்கரையில் விடச் சொன்னான். "மணல்லயா? ஆள் மரத்து ஆள்" என்று அவனோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்தார். எங்கள் ஊரில் ஒரு ஆம்பிளைக்கு, வாப்பாவாகப் போகிற ஆம்பிளைக்கு, ஒரு சாண் அகலப் பெட்டியை வைக்க ஒரு நிலம் இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லா நிலமும் யாரோ ஒரு பெண்ணுடையது.

ஒருநாள் கிணற்றடியில் வந்து நின்றார்.

"மச்சி, உங்கட வீட்டுல ஒரு எடம் தருவீங்களா?"

என்னுடைய வீடு என்றால் வளவின் பின்பக்கம் எனக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீடு. அதைக் கட்டிக்கொண்டிருந்தவரே அவர்தான், லீவு நாளெல்லாம். சுவர் எழும்பி, ஒரு அறைக்கு மட்டும் ஓடு போட்டிருந்தது. கதவு வைக்காத வீடு என்பதால் நான் அதற்குள் உட்கார்ந்ததில்லை. ஜன்னல் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்திருந்தது. ஒன்று போதும் என்றேன். ஆறு விட்டார். "கள்ளன் வருவான் மச்சான்" என்றால், "கள்ளனுக்கும் புழுங்கும்தானே" என்றார்.

அந்த வீட்டில்தான் இடம் கேட்கிறார். என்னிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை. விரலில் அந்தக் கீறல் தழும்பு இன்னும் இருந்தது.

"கொண்டிய நான்தான் பாப்பன்" என்றேன்.

"நீங்கதான் பாக்கணும். வேற ஆர் பாக்கிற?"

ஓடு போட்ட அறையின் மூலையில், நாலு சிரட்டைக்கு மேல், ஆள் குடிவந்தது. உம்மாவுக்கும் அது சரியாக இருந்தது. வீட்டை விட்டுப் போகணும் என்றுதானே சொன்னா. போய்விட்டது.

ஆனால் அடுத்த மாதமே எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் உம்மாவும் ராத்தாவும் வீடு பார்க்க வருகிறார்கள். எங்கள் பக்கம் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பு வீட்டைத்தான் பார்ப்பார்கள். உம்மா பெரிய கட்டில் சீலையைக் கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியை மூடினா. நிலம் வரைக்கும் மூடினா. மச்சானுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னா: "அவங்க வந்து போகும் வரைக்கும் இதுல ஆரும் கை வெக்கப்படா. இது குழம்பினா எனக்கு வேற மாப்புள தேடப் பலமில்ல."

மச்சான் தலையை ஆட்டினார். சாந்துப் பலகையை எடுத்துக்கொண்டு வெளிச்சுவர் பூசப் போய்விட்டார்.

கச்சான் காற்று வீசுகிற காலம். மேற்கிலிருந்து அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி. பத்து மணிக்கு வருகிறோம் என்றவர்கள் பன்னிரண்டாகியும் வரவில்லை. நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு அந்த அறையில் நின்றேன். படலையைப் பார்த்தேன். சீலையைப் பார்த்தேன். படலையைப் பார்த்தேன். தடித்த சீலை. ஓடு மேலே கொதிக்கிறது. மைதானத்து வெயில் நினைவு வந்தது. நீர் முத்து முத்தாக நின்ற கண்ணாடி நினைவு வந்தது. ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தகரம் சுட்டது.

சீலையை இழுத்து எடுத்தேன். நாலாக மடித்து ஜன்னல் கட்டின் மேல் வைத்தேன். அவர்கள் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் பின்படலையால் வந்தார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா தடித்த பெண். ஒவ்வொரு சுவரையும் மோதிர விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தா. "ஜன்னல் நல்லா வெச்சிரிக்கி" என்றா. எங்கள் உம்மாவின் முகம் மலர்ந்தது. அப்புறம் வந்தவ பெட்டியைக் கண்டு நின்றுவிட்டா.

"ஆ, கண்ணாடிச் சோக்கேஸ். கலைச்சாமான் வெக்கிற சோக்கேஸா? இதும் வீட்டோடயா?"

உம்மா வாயைத் திறந்தா. ஓம் என்றுதான் சொல்லியிருப்பா. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே இருந்து, சாந்துப் பலகையோடு நின்ற மச்சானின் குரல் வந்தது.

"இல்ல. அதுக்குள்ள ஆள் இரிக்கி."

"ஆளா? ஆரு ஆள்?"

அந்தப் பெண் குனிந்து, சுவரைத் தட்டின மாதிரியே கண்ணாடியையும் தட்டினா. கட்டைக்குப் பின்னாலிருந்து அது வந்தது. வந்ததைக் காணவில்லை. வந்து நின்றதைத்தான் கண்டோம். அவ முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முன்கால் இரண்டையும் தூக்கி, மஞ்சளைக் காட்டிக்கொண்டு.

கத்தினது மகள். தாய் கத்தவில்லை. அப்படியே சீமெந்துப் பையில் உட்கார்ந்துவிட்டா. யாரும் சர்பத் குடிக்கவில்லை. போகிற போக்கில், "புலிமுகச் சிலந்திக்கு வீடு கட்டிப்போட்டு எங்கட புள்ளைய கேக்கிறாங்க" என்று படலையில் நின்று தெருவுக்கே கேட்கச் சொன்னா.

அவர்கள் போன பிறகு உம்மா சுவரைப் பார்க்கவில்லை. முக்காட்டையும் இழுக்கவில்லை. வெளியே போய் மச்சானுக்கு முன்னால் நின்றா.

"மருமகன்."

ராத்தா வயிற்றைப் பிடித்தபடி வாசலில் நின்றுவிட்டா.

"அந்தச் சீலைய ஆர் எடுத்த?"

மச்சான் ஜன்னல் கட்டைப் பார்த்தார். நாலாக மடித்து, விளிம்போடு விளிம்பு வைத்து, மேலே கையால் தடவிவிட்ட சீலை. எங்கள் வீட்டில் அப்படி மடிக்கிறவள் ஒருத்திதான். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்தார் என்றுகூடச் சொல்ல ஏலாது, கண் வந்து போனது.

"நான்தான் மாமி. புழுங்கும் எண்டு எடுத்த."

"இண்டைக்கே அது இந்த வளவ விட்டுப் போகணும்" என்றா உம்மா. "இல்லாட்டி..." மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் அங்கேதான் நின்றேன். நான்தான் என்று சொல்ல ஒரு சொல் போதும். என் வாயை எப்படிப் பூட்டினேன் என்று எனக்கே தெரியாது. நூல் சுற்றிக் கட்டின மாதிரி இருந்தது.

அவர் பெட்டியைச் சைக்கிள் கரியரில் வைத்துப் பழைய டியூபால் கட்டினார். ஈரச் சாக்கை மேலே தளர்வாகப் போட்டார். தகரக் கீற்று இரண்டையும் சாக்கு மூடாமல் இழுத்துவிட்டார். வயல் பக்கமாகப் போகிறாராம், குளத்தடியில் பெரிய மருதமரம் நிற்கிறதாம். அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பி வராத நாட்களும் இருந்த காலம் அது. நான் படலை வரைக்கும் ஓடினேன்.

"மச்சான்..."

"ஆளுக்குப் புழுங்கினதுதானே மச்சி?"

"ஓம்."

"பிறகென்ன."

ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு நான் எந்தக் கதவையும் பூட்டவில்லை. படலையில் நின்றேன். அஸர் பாங்கு கேட்டது. பிறகும் நின்றேன். உம்மா உள்ளேயிருந்து, யாருக்கும் இல்லாமல், "இப்பவே போகச் சொல்லியா நான் சொன்ன?" என்றா. மஃரிபுக்குக் கொஞ்சம் முன் சைக்கிள் திரும்பி வந்தது. பெட்டி வெறுமையாக இருந்தது. மரத்துண்டும் இல்லை.

"ரெண்டு பொந்து இரிந்திச்சி மச்சி," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "மேல உள்ள பொந்த எடுத்திச்சி."

பதினோராம் நாள் ராத்தாவுக்குப் பெண் பிள்ளை கிடைத்தது. உம்மா இறுக்கிச் சுற்றிக் கிடத்தினா. மச்சான் வந்து கையை வைத்துப் பார்த்து, துணியை ஒரு விரல் அளவுக்குத் தளர்த்தினார். உம்மா சுவரைப் பார்த்து, "புள்ள, பிள்ளைக்குக் காத்துப் படும் எண்டு சொல்லு" என்றா. எல்லாம் பழையபடி ஆனது. ஒன்றரை வருஷத்தில் எனக்கும் வேறிடத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. ஆறு ஜன்னல் வீட்டில்தான் இருக்கிறேன். அந்தப் பெட்டி அறை மூலையில் இருக்கிறது. பிள்ளைகள் அதில் கோப்பை அடுக்கக் கேட்டார்கள், விடவில்லை.

உம்மா போய்ப் பல வருஷம். மச்சான் மௌத்தான அன்று அவர் மையத்தைக் கிடத்தின அறைக்கு ஆட்கள் வந்து நிறைந்தார்கள். யாரோ ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். நான் எழும்பிப் போய் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். ராத்தா என்னைப் பார்த்தா. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான். சீலையை எடுத்தது அவர் இல்லை, நான்.